முதல் கேமிங் கணினி: திருகோணமலையில் பாகங்களைத் தெரிவுசெய்வோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இணையத்தில் கிடைக்கும் வழிகாட்டல்களில் பெரும்பாலானவை குளிரான அறையையும், சீரான மின்சாரத்தையும், பழுதான பாகத்தை மறுநாளே மாற்றித் தரும் கடையையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. திருகோணமலையில் பகலில் அறை வெப்பநிலை 32 பாகையைத் தாண்டுவது வழக்கம். காற்றில் உப்பு உண்டு. உத்தரவாதத்துக்காகக் கொழும்புக்கு அனுப்பிய பாகம் திரும்பி வர வாரக்கணக்கில் காத்திருக்க நேரும். இந்த மூன்றையும் கணக்கில் எடுத்தே கீழுள்ள பதில்கள் எழுதப்பட்டுள்ளன. நடுத்தரக் கணினி என்று இங்கே சொல்லப்படுவது, 1080பி (1920 × 1080 புள்ளிகள்) திரையில் புதிய கேம்களை உயர்ந்த தரத்திலும், 1440பி (2560 × 1440 புள்ளிகள்) திரையில் சற்றுக் குறைத்த தரத்திலும் தடங்கலின்றி விளையாட உதவும் கணினியாகும்.

எந்தப் பாகத்தை முதலில் தெரிவுசெய்ய வேண்டும்?

மொனிட்டரை. பலர் கேமின் படங்களை உருவாக்கும் கிராபிக்ஸ் கார்டில் தொடங்கி, கடைசியில் கையில் மிஞ்சியதற்கு ஒரு மொனிட்டரை வாங்குகிறார்கள். 60 ஹேர்ட்ஸ் மொனிட்டர் விநாடிக்கு 60 படங்களுக்கு மேல் காட்டாது. எவ்வளவு வலிமையான கார்டைப் பூட்டினாலும் கண்ணுக்குக் கிடைப்பது அவ்வளவுதான். 1080பி திரையில் ஏறத்தாழ 20.7 இலட்சம் புள்ளிகளும், 1440பி திரையில் ஏறத்தாழ 36.9 இலட்சம் புள்ளிகளும் உள்ளன. ஆகவே 1440பி திரையை வாங்குபவர் தமது கார்டுக்கு முக்கால் பங்குக்கும் அதிகமான மேலதிக வேலையைக் கொடுக்கிறார். அதற்கேற்ற கார்டுக்கும் அவர் பணம் ஒதுக்கியாக வேண்டும். முதல் கணினிக்கு 24 அங்குல, 1080பி, 144 ஹேர்ட்ஸ் அல்லது அதற்கு மேற்பட்ட ஐபிஎஸ் மொனிட்டர் போதுமானது என்பதே என் கருத்து.

அடுத்து, எந்தக் கேம்களை விளையாடப் போகிறீர்கள் என்று யோசியுங்கள். வலரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் 2 போன்ற போட்டிக் கேம்களில், கணினியின் மூளையான புரொசசரின் வேகமே பெரும்பாலும் எல்லையாக அமையும். பெரிய திறந்த உலகக் கேம்களில் கிராபிக்ஸ் கார்டும் அதிலுள்ள நினைவகமுமே முடிவைத் தீர்மானிக்கும்.

பணத்தை எப்படிப் பங்கிடுவது?

மொனிட்டரையும், மின்சாரம் போனால் பற்றரியால் சில நிமிடங்கள் தாங்கும் யுபிஎஸ்ஸையும் தனியாக ஒதுக்கிவிட்டு எஞ்சும் தொகையில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து ஐந்தில் இரண்டு பங்கு வரை கிராபிக்ஸ் கார்டுக்குச் செல்லலாம். புரொசசர், எல்லாப் பாகங்களும் பூட்டப்படும் மதர்போர்ட், தற்காலிக நினைவகமான ரேம் மூன்றும் சேர்ந்து அதேயளவை எடுக்கும். மிகுதி பவர் சப்ளை, கேம்களைச் சேமித்து வைக்கும் எஸ்எஸ்டி, கேசிங் ஆகியவற்றுக்கு. கணக்கில் வராத செலவு கடைசியில் வந்து நிற்கும்போது எல்லோரும் கைவைப்பது பவர் சப்ளையில்தான். அதனால்தான் யுபிஎஸ்ஸை முதலிலேயே கணக்கில் சேர்க்கச் சொல்கிறேன். இங்கு விற்கப்படும் பாகங்கள் யாவும் இறக்குமதியாவதால், டொலரின் பெறுமதியோடு விலையும் ஏறி இறங்கும். 2024 ஜனவரி முதல் 18 சதவீதமாக உள்ள பெறுமதிசேர் வரியும் விலையில் அடங்கும். ஒரு மாதத்துக்கு முந்திய விலைப்பட்டியலை நம்பித் திட்டமிட வேண்டாம்.

எந்தப் புரொசசரை வாங்கலாம்?

6 கோர்களும் (வேலை செய்யும் மையங்கள்) 12 த்ரெட்களும் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைத்தொடர்கள்) உள்ள புரொசசர் நடுத்தரக் கணினிக்குத் தாராளமாகப் போதும். செலவைக் குறைக்க விரும்புவோருக்கு 2022 இல் வெளிவந்த ரைசன் 5 5600, அல்லது அதே ஆண்டில் வந்த இன்டெல் கோர் ஐ5 12400எஃப். சற்றுக் கூடுதலாகச் செலவிட முடிந்தவர்களுக்கு 2023 ஜனவரியில் வந்த ரைசன் 5 7600. 5600 பொருந்துவது ஏஎம்4 என்ற சொக்கெட்டில், அதாவது மதர்போர்டில் புரொசசர் அமரும் இடத்தில். அந்தச் சொக்கெட்டின் காலம் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. 7600 பொருந்துகின்ற ஏஎம்5 சொக்கெட் 2022 செப்டெம்பரில் அறிமுகமானது. 2027 வரையும் அதற்குப் பின்னரும் அதனை ஆதரிப்பதாக ஏஎம்டி நிறுவனம் அறிவித்திருப்பதால், சில ஆண்டுகள் கழித்து மதர்போர்டையும் ரேமையும் மாற்றாமல் புரொசசரை மட்டும் மாற்ற முடியும்.

நான் 7600 ஐ விரும்புவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதற்குள்ளேயே ஒரு சிறிய கிராபிக்ஸ் பகுதி இருக்கிறது. அதில் பெரிய கேம் எதையும் விளையாட முடியாதுதான். ஆனால் கிராபிக்ஸ் கார்ட் பழுதாகி உத்தரவாதத்துக்காகக் கொழும்புக்குப் போயிருக்கும் நாட்களிலும் கணினி இயங்கும். உயர்தரப் பாடங்களைப் படிக்கலாம், வேலைக்கு விண்ணப்பம் அனுப்பலாம். 5600, 7500எஃப், 12400எஃப் ஆகியவற்றில் அந்தப் பகுதி இல்லை. கார்ட் இல்லாவிட்டால் திரையில் ஒன்றுமே வராது. ஒரு வீட்டின் ஒரே கணினியாக இது இருக்கப்போகிறது என்றால், இந்த வேறுபாட்டைச் சில ஆயிரம் ரூபாய்க்காக விட்டுக்கொடுக்க வேண்டாம்.

இன்டெல் 13, 14 ஆம் தலைமுறையின் உயர்நிலைப் புரொசசர்களில், மின்னழுத்தம் மிகையாக ஏறுவதால் காலப்போக்கில் நிலைகுலையும் கோளாறு 2024 இல் வெளிப்பட்டது. இன்டெல் அதற்கான மைக்ரோகோட் (புரொசசருக்குள் இயங்கும் கட்டளைத் தொகுப்பு) திருத்தத்தை வெளியிட்டு உத்தரவாதத்தையும் இரண்டு ஆண்டுகள் நீட்டியது. அவற்றை வாங்குபவர், கணினியை முதலில் இயக்கும் மதர்போர்ட் மென்பொருளான பயோஸ் புதுப்பிக்கப்பட்டுள்ளதா என உறுதிசெய்ய வேண்டும். பாவித்ததாக வாங்குவதை நான் தவிர்ப்பேன். 12 ஆம் தலைமுறையில் இக்கோளாறு இல்லை.

மதர்போர்டில் எதைப் பார்க்க வேண்டும்?

5600 க்கு பி550, 7600 க்கு பி650, 12400எஃப் க்கு பி660 அல்லது பி760. இவற்றில் இடைநிலை விலையில் உள்ள ஏதாவது ஒன்று. புரொசசருக்கு மின்சாரத்தைச் சீராக்கிக் கொடுக்கும் பகுதியின் மேல் உலோகத் தகடு உள்ளதா என்று மட்டும் பாருங்கள். வெப்பமான அறையில் அந்தத் தகடு அலங்காரம் அல்ல. பழைய பி450 போர்டை வாங்கினால், 5600 ஐ அது ஏற்குமளவுக்குப் பயோஸ் புதுப்பிக்கப்பட்டுள்ளதா எனக் கடையிலேயே கேட்டு உறுதிசெய்யுங்கள்.

கிராபிக்ஸ் கார்டில் 8 ஜிபி நினைவகம் போதுமா?

1080பி திரையில், போட்டிக் கேம்களையும் சில ஆண்டுகளுக்கு முந்திய கேம்களையும் விளையாடுவோருக்குப் போதும். புதிய பெரிய கேம்களை உயர்ந்த தரத்தில் விளையாட விரும்புவோருக்கு அது இப்போதே இறுக்கம். கேமுக்குத் தேவையான படத்தரவு கார்டின் நினைவகத்துக்குள் அடங்காதபோது, மிஞ்சியது கணினியின் ரேமுக்குப் போய்வரத் தொடங்கும். அப்போது சராசரி வேகம் காகிதத்தில் நன்றாகவே தெரியும். ஆனால் திரும்பும் ஒவ்வொரு மூலையிலும் படம் ஒரு கணம் நின்று நின்று நகரும், சில கேம்களில் சுவர்களும் முகங்களும் மங்கலாகவே இருந்துவிடும்.

இங்கே கவனிக்கப்படாத இன்னொரு விடயம் உள்ளது. ஆர்டிஎக்ஸ் 4060, ஆர்டிஎக்ஸ் 5060, ஆர்எக்ஸ் 6600, ஆர்எக்ஸ் 7600 ஆகிய கார்டுகள் 16 தரவுப் பாதைகளுக்குப் பதிலாக 8 பாதைகள் வழியாகவே மதர்போர்டுடன் பேசுகின்றன. புதிய போர்டில் இதனால் பெரிய பாதிப்பு இல்லை. அந்தப் பாதைகளின் பழைய தலைமுறையான பிசிஐஇ 3.0 மட்டுமே உள்ள பி450 அல்லது ஏ520 போர்டில் அதே 8 பாதைகளின் வேகம் பாதியாகிவிடும். நினைவகம் நிரம்பி வழியும் தருணத்தில்தான் அந்தப் பாதையின் தேவையும் மிகும். ஆகவே பழைய போர்டும் 8 ஜிபி கார்டும் ஒன்றுக்கொன்று துணையாகாத சோடி.

2025 இல் வெளிவந்தவற்றில் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி, ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ இரண்டும் 8 ஜிபி, 16 ஜிபி என இரு வடிவங்களில் உள்ளன. பெட்டியின் மேலுள்ள பெயர் ஒன்றுதான். எண்ணைப் பார்த்தே வாங்க வேண்டும். முதல் கணினியை ஐந்தாறு ஆண்டுகள் வைத்திருக்க எண்ணுபவர், வேறெங்கேனும் சிக்கனம் பிடித்தாவது 16 ஜிபி வடிவத்தை எடுப்பது நல்லது. 12 ஜிபி நினைவகத்துடன் 2024 டிசெம்பரில் வந்த இன்டெல் ஆர்க் பி580 விலைக்கு நல்ல கார்ட். ஆயினும் பயோஸில் ரீசைசபிள் பார் வசதி (கார்டின் நினைவகம் முழுவதையும் புரொசசர் ஒரே தடவையில் அணுக விடுவது) இயங்க வேண்டும் என்பது அதற்குக் கட்டாயம், வேகம் குறைந்த பழைய புரொசசருடன் சேர்த்தால் அதன் வலிமை முழுமையாக வெளிவராது.

மூன்று விசிறியா, இரண்டு விசிறியா, வண்ண விளக்கு உண்டா என்பவற்றுக்கு அதிகப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. இந்த நடுத்தரக் கார்டுகளுக்கு இரண்டு விசிறி போதும்.

ரேம் எவ்வளவு வேண்டும்?

32 ஜிபி வாங்க முடிந்தால் வாங்குங்கள். முடியாவிட்டால் 16 ஜிபி. 2025 இன் பிற்பகுதியிலிருந்து, செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களின் தேவை பெருகியதால் ரேம் விலை உலகெங்கும் கடுமையாக ஏறியது; ஆகவே முன்னைய ஆண்டுகளைப் போல 32 ஜிபி தான் குறைந்தபட்சம் என்று நான் எவரையும் வற்புறுத்த மாட்டேன். எவ்வளவு வாங்கினாலும் ஒரே அளவான இரண்டு துண்டுகளாக, ஒரே பெட்டியில் வருவதாக வாங்குங்கள். ஒற்றைத் துண்டு போட்டால் ரேமின் பாதை பாதியாகி, புரொசசர் காத்துக்கிடக்கும். ரேம் பழைய டிடிஆர்4 வகை எனில் 3200 அல்லது 3600, புதிய டிடிஆர்5 வகை எனில் 6000 என்ற வேகம் நியாயமானது. நான்கு இடங்கள் உள்ள போர்டில், புரொசசரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் பூட்ட வேண்டும். பிறகு பயோஸில் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்ற தெரிவை இயக்காவிட்டால், காசு கொடுத்து வாங்கிய 6000 வேகம் 4800 இலேயே நின்றுவிடும்.

எஸ்எஸ்டி?

1 டிபி (ஏறத்தாழ 1000 ஜிபி) அளவான, மதர்போர்டிலேயே நேராகப் பூட்டும் என்விஎம்இ வகை. புதிய கேம்களில் சில தனியாகவே 100 ஜிபிக்கு மேல் இடம் எடுப்பதால் 500 ஜிபி விரைவில் நிரம்பிவிடும். மிக வேகமான விலையுயர்ந்த வகையால் கேமில் உணரக்கூடிய பயன் சிறிது; அந்தப் பணத்தை அடுத்த கேள்விக்குரிய பாகத்துக்கு ஒதுக்குங்கள்.

பவர் சப்ளைக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? கேசிங்குடன் வருவது போதாதா?

போதாது. மற்ற எல்லாப் பாகங்களுக்கும் உணவு போவது இதன் வழியாகத்தான். இது கெட்டுப்போகும்போது தனியாகப் போவதில்லை, சில வேளைகளில் மதர்போர்டையும் கார்டையும் கூட்டிக்கொண்டு போகும்.

தேவையான அளவைக் கணக்கிடுவது எளிது. ரைசன் 5 7600 உச்சத்தில் 88 வொட் வரை எடுக்கும். ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 16 ஜிபி 160 வொட். மதர்போர்ட், ரேம், எஸ்எஸ்டி, விசிறிகள் எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 50 வொட். மொத்தம் 300 வொட் அளவில் நிற்கும். கார்டுகள் மில்லி விநாடி நேரத்துக்குச் சொல்லப்பட்ட அளவைத் தாண்டி மின்சாரத்தை இழுப்பதுண்டு. அதற்கும் வருங்கால மாற்றங்களுக்கும் இடம் விட்டால் 550 வொட் நல்லது ஒன்று போதும், 650 வொட் மனநிறைவாக இருக்கும். 850 வொட் தேவையில்லை.

ஆனால் பெட்டியில் பெரிதாக அச்சிட்ட எண்ணை நம்பக் கூடாது. பவர் சப்ளையின் பக்கவாட்டில் ஒட்டப்பட்டுள்ள அட்டவணையில் 12 வோல்ட் என்ற நிரலுக்குக் கீழே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். புரொசசரும் கிராபிக்ஸ் கார்டும் அந்த 12 வோல்ட்டில்தான் வாழ்கின்றன. 45 ஆம்பியர் எனில் 12 ஆல் பெருக்க 540 வொட். அது 550 வொட் என்று சொல்லிக்கொள்வது நியாயம். மலிவான பெட்டி ஒன்று 600 வொட் என்று சொல்லிவிட்டு அந்த இடத்தில் 25 ஆம்பியர் என்று காட்டினால், உண்மையில் உங்களுக்குக் கிடைப்பது 300 வொட் மட்டுமே. கடையில் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லி இந்த ஒரு வரியை வாசிப்பதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை.

80 பிளஸ் பிரான்ஸ், கோல்ட் என்ற முத்திரைகள் மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதைச் சொல்கின்றன. பாதுகாப்பைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. அந்தச் சோதனையும் 23 பாகை அளவிலான சூழலில் நடத்தப்படுவது. ஆகவே முழு வொட்டையும் 40 அல்லது 50 பாகையில் தர முடியும் என்று தயாரிப்பாளர் குறிப்பிட்டிருக்கிறாரா, மிகை மின்னழுத்தம், மிகை மின்னோட்டம், குறுஞ்சுற்று ஆகியவற்றுக்கான பாதுகாப்புகள் உள்ளனவா, ஐந்து ஆண்டுகளாவது உத்தரவாதம் உண்டா என்பவற்றைப் பாருங்கள்.

மின்வெட்டுக்கும் மின்னலுக்கும் என்ன செய்வது?

2022 இன் நீண்ட மின்வெட்டுகள் இப்போது இல்லை. எனினும் கச்சான் காற்று வீசும் மாதங்களிலும், இடியும் மழையும் சேர்ந்து வரும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் மின்சாரம் ஒரு கணம் போய் மறுகணம் வருவது தொடர்கிறது. கணினிக்கு முழு மின்வெட்டை விட அந்தக் கணநேர வெட்டே கொடியது.

யுபிஎஸ் வாங்கும்போது விஏ என்ற எண்ணோடு வொட் என்ற எண்ணையும் பாருங்கள். 650 விஏ என்று விற்கப்படும் சிறிய யுபிஎஸ் பெரும்பாலும் 360 வொட் அளவே தரும்; மேலே கணக்கிட்ட கணினியுடன் மொனிட்டரையும் சேர்த்தால் அது விளிம்பில் நிற்கும். 1000 விஏக்குக் குறையாமல் வாங்குவது நல்லது. அதுவும் சில நிமிடங்களுக்குத்தான். கேமைச் சேமித்துக் கணினியை ஒழுங்காக நிறுத்துவதற்கே அது, விளையாட்டைத் தொடர்வதற்கு அல்ல. நல்ல பவர் சப்ளைகளில் சில, மலிவான யுபிஎஸ் தரும் படிக்கட்டு வடிவ மின் அலையை ஏற்காமல் அணைந்துவிடுவதுண்டு. எனவே வாங்கிய வாரத்திலேயே, கேம் ஓடிக்கொண்டிருக்கும்போது யுபிஎஸ்ஸின் சுவர் சுவிட்சை அணைத்துப் பாருங்கள். அப்போது கணினி அணைந்தால் மாற்றிக்கொள்ள நேரம் இருக்கும். யுபிஎஸ்ஸை வெயில் படும் சுவரோரம் வைக்க வேண்டாம். ஈய அமிலப் பற்றரியின் ஆயுள் 25 பாகைக்கு மேல் ஒவ்வொரு 10 பாகைக்கும் ஏறத்தாழ பாதியாகக் குறையும்.

புவித்தொடுப்பு (எர்த்) இதைவிடவும் முக்கியம். ஓடிக்கொண்டிருக்கும் கணினியின் கேசிங்கை வெறுங்காலுடன் நின்று தொடும்போது, விரல் நுனியில் மெல்லிய ஊர்வது போன்ற அதிர்வு தெரிந்தால், அந்தப் பிளக்கில் எர்த் வேலை செய்யவில்லை என்று பொருள். பவர் சப்ளையிலுள்ள வடிகட்டி, எர்த் வயரில் விட வேண்டிய சிறிய கசிவை வேறு வழியின்றி உலோகப் பெட்டியில் விடுகிறது. பழைய வீடுகளில் இது அடிக்கடி காணப்படுகிறது. தகுதியான மின்வேலையாளரைக் கொண்டு அதைச் சரிசெய்த பிறகே புதிய கணினியைப் பொருத்துங்கள். இதில் பொறுமை காட்டுவது பணத்துக்காக மட்டுமல்ல, வீட்டிலுள்ள சிறுவர்களின் உயிருக்காகவும்தான்.

இடி தொடங்கினால் சுவிட்சை அணைத்தால் போதாது. பிளக்கைக் கழற்றுங்கள், ரவுட்டரிலிருந்து வரும் லேன் வயரையும் கழற்றுங்கள்.

இந்த வெப்பத்திலும் உப்புக்காற்றிலும் கேசிங்கை எப்படித் தெரிவுசெய்வது?

அறை வெப்பநிலை 10 பாகை கூடினால் உள்ளே இருக்கும் பாகங்களும் ஏறத்தாழ அதே 10 பாகை கூடச் சூடாகும். வெளிநாட்டுச் சோதனைகளில் 22 பாகை அறையில் 70 பாகை காட்டும் கார்ட், மதிய வேளையில் திருகோணமலையின் ஓட்டு வீட்டில் 80 பாகையைத் தாண்டுவதில் வியப்பில்லை. ஆகவே முன்புறம் முழுவதும் கண்ணாடியால் மூடிய அழகான கேசிங்குகளை விட்டுவிட்டு, முன்புறம் வலைத்தகடு உள்ளதைத் தெரிவுசெய்யுங்கள். முன்னால் காற்றை உள்ளிழுக்க இரண்டு விசிறி, பின்னால் வெளியேற்ற ஒன்று. உள்ளே வரும் காற்று வெளியேறும் காற்றை விடச் சற்று அதிகமாக இருந்தால், இடுக்குகள் வழியாகத் தூசி உறிஞ்சப்படாமல், வடிகட்டி உள்ள வழியாகவே காற்று வரும். அந்த வடிகட்டி கழற்றிக் கழுவக்கூடியதாக இருக்க வேண்டும்.

உப்பின் வேலை வேறு விதமானது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டும்போது உப்புத் துகள் ஈரத்தை இழுத்துத் தானே கரையத் தொடங்கும். தூசியோடு கலந்து போர்டின் மேல் படிந்த உப்பு, இரவில் இவ்வாறு ஈரமாகி, மின்சாரம் கடத்தும் மெல்லிய படலமாக மாறுகிறது. செப்புப் பகுதிகளில் பச்சையும், திருகாணிகளில் துருவும் அதன் அடையாளங்கள். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடலைப் பார்த்த யன்னலுக்கு நேரே கணினியை வைப்பவர்கள் இதை விரைவில் காண்பார்கள். வாடைக் காலத்தில் கணினியை வாரக்கணக்கில் மூடி வைப்பதை விட, நாளும் சிறிது நேரம் இயக்குவது நல்லது. இயங்கும் கணினியின் உட்புறம் சுற்றுப்புறத்தை விட வெப்பமாகவும் உலர்வாகவும் இருக்கும். பொலித்தீனால் போர்த்தினால் ஈரம் உள்ளேயே அடைபடும். பருத்தித் துணியே தகுந்தது.

பல்லியையும் எறும்பையும் மறந்துவிடக் கூடாது. வெப்பத்தைத் தேடிப் பல்லி பவர் சப்ளைக்குள் நுழைந்தால் அதன் முடிவோடு பவர் சப்ளையின் முடிவும் சேர்ந்துவரும். கேசிங்கின் பின்புறத்தில் பாவிக்காத கார்ட் இடங்களின் தகடுகளை எறியாமல் மீண்டும் பூட்டுங்கள். வயர் செல்லும் ஓட்டைகள் திறந்திருந்தால் நுளம்பு வலைத் துண்டொன்றை உட்புறமாக ஒட்டுங்கள். விசிறிக்கு முன்னால் மட்டும் அந்த வலையைக் கட்ட வேண்டாம். அது காற்றைத் தடுத்துவிடும். கேசிங்கை நிலத்தில் வைக்காமல் தாழ்ந்த மரப்பலகையின் மேல் வைத்தால் தூசியும் எறும்பும் குறையும்.

நீர்க்குளிர்விப்பான் தேவையா?

தேவையில்லை. 7600 உடன் வரும் கூலரே வேலையைச் செய்யும். இரைச்சலைக் குறைக்க விரும்பினால் 120 மில்லிமீற்றர் விசிறியுள்ள ஒரு காற்றுக் கூலர் போதும்.

பாகங்களை இங்கே வாங்குவதா, கொழும்பிலிருந்து எடுப்பதா?

கேசிங், மொனிட்டர், யுபிஎஸ் ஆகிய பாரமான, உடையக்கூடிய பொருட்களை நியாயமான விலையில் கிடைத்தால் நகரிலேயே வாங்குங்கள். பழுது வந்தால் கையில் தூக்கிக்கொண்டு போகலாம். புரொசசர், கார்ட், மதர்போர்ட் ஆகியவற்றுக்குப் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் தெரிவுகள் அதிகம். இணையத்தில் விலையை ஒப்பிட்டுக் கூரியரில் எடுப்போரும் உண்டு. எப்படி வாங்கினாலும் பற்றுச்சீட்டில் ஒவ்வொரு பாகத்தின் தொடரிலக்கமும் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

உத்தரவாத நிபந்தனைகளை வாங்குவதற்கு முன்னர் வாசியுங்கள். எரிந்த அடையாளம், துரு, பூச்சிகளால் ஏற்பட்ட சேதம் ஆகியவற்றுக்கு உத்தரவாதம் இல்லை என்பது பல பற்றுச்சீட்டுகளின் பின்புறத்தில் இருக்கும். சிலவற்றில் ஓர் ஆண்டு என்பது 350 நாட்கள் என்றே அச்சிடப்பட்டிருக்கும். நமது காற்றும் பல்லியும் உண்டாக்கும் சேதங்களே அங்கே விலக்கப்பட்டுள்ளன என்பதால்தான் முன்னைய பதிலில் அவ்வளவு எழுத நேர்ந்தது. கடையுடன் பேசித் தீராத பிணக்கு எனில், நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்தை அழைக்கலாம்.

கொழும்பில் பொருத்திய கணினியைப் பேருந்திலோ இரவுத் தபால் ரயிலிலோ கொண்டுவருவதாயின், கிராபிக்ஸ் கார்டைக் கழற்றி அதன் பெட்டியிலேயே தனியாகக் கொண்டுவாருங்கள். வழிநெடுகக் குலுங்கும் கார்டின் பாரம் மதர்போர்டின் ஒரே இடத்தில் தொங்கி, அந்த இடத்தை உடைத்துவிடும்.

பாவித்த பாகங்களை வாங்கலாமா?

புரொசசரை வாங்கலாம், நியாயமாகப் பாவித்த புரொசசர் எளிதில் பழுதாவதில்லை. கிராபிக்ஸ் கார்டை, விற்பவரின் வீட்டிலேயே அரை மணி நேரம் கேம் ஒன்றை ஓடவிட்டு, வெப்பநிலையையும் விசிறிச் சத்தத்தையும் கவனித்த பின்னர் வாங்கலாம். இணைப்புத் தகட்டிலும் திருகாணிகளிலும் துரு தெரிந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் விட்டுவிடுங்கள். பவர் சப்ளையை ஒருபோதும் பாவித்ததாக வாங்க வேண்டாம்.

எல்லாவற்றையும் ஒரே தடவையில் வாங்கப் பணம் இல்லை. கட்டம் கட்டமாக வாங்கலாமா?

தாராளமாக. ஆனால் கணினி இயங்கும் நிலையில் இருக்கும்படி வாங்குங்கள். மொனிட்டர், ரைசன் 5 7600, மதர்போர்ட், நல்ல பவர் சப்ளை, ரேம், எஸ்எஸ்டி, கேசிங் ஆகியவற்றை முதலில் வாங்கிப் படிப்புக்குப் பாவித்துக்கொண்டு, பணம் சேர்ந்ததும் கார்டை வாங்குவது சிறந்த வழி. பாகங்களை ஒவ்வொன்றாக வாங்கிப் பெட்டியோடு அலுமாரியில் அடுக்கி வைத்தால், பொருத்தும் நாளில் பழுது தெரியவரும்போது மாற்றிக்கொள்ளும் காலம் கடந்திருக்கும்.

மின்கட்டணம் எவ்வளவு கூடும்?

விளையாடும்போது மொனிட்டரோடு சேர்த்து 300 வொட் என்று வைத்தால், நாளொன்றுக்கு மூன்று மணி நேரத்துக்கு 0.9 அலகு, மாதத்துக்கு 27 அலகு. அந்த 27 அலகும் உங்கள் வீட்டின் தற்போதைய பாவனைக்கு மேலே வந்து அமர்வதால், வீட்டு மின்சாரத்துக்கான படிமுறைக் கட்டணத்தில் உயர்ந்த படியின் விலையிலேயே கணக்கிடப்படும். 90, 120, 180 அலகு என்ற எல்லைகளுக்கு அருகில் உள்ள வீடுகளில் இது நன்றாகவே உறைக்கும். கேமின் பட வேகத்துக்கு மொனிட்டரின் அளவிலேயே எல்லை விதித்தால் கார்ட் வீணாக உழைக்காது. மின்சாரமும் வெப்பமும் ஒருசேரக் குறையும்.

விண்டோஸ் 10 ஐப் பாவிக்கலாமா?

வேண்டாம். அதற்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 இல் முடிந்தது. மேலே சொன்ன புரொசசர்கள் எல்லாம் விண்டோஸ் 11 ஐ ஏற்கும். வலரன்ட் விளையாடுவோர் பயோஸில் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் ஆகிய இரண்டு பாதுகாப்பு வசதிகளையும் இயக்கியிருக்க வேண்டும்.

நானே பொருத்தலாமா? பொருத்திய பின் திரையில் ஒன்றும் வராவிட்டால்?

பொருத்தலாம், ஒரு ஸ்குரூட்ரைவரும் ஒரு மாலைப் பொழுதும் போதும். கேசிங்குக்குள் பூட்டுவதற்கு முன், மதர்போர்டை அதன் மட்டைப்பெட்டியின் மேல் வைத்துப் புரொசசர், கூலர், ரேம் மூன்றையும் (5600, 12400எஃப் எனில் கிராபிக்ஸ் கார்டையும்) பூட்டி, பவர் சப்ளையையும் மொனிட்டரையும் இணைத்து ஒருமுறை இயக்கிப் பாருங்கள். கோளாறு இருந்தால் அப்போதே தெரியும்.

டிடிஆர்5 ரேம் உள்ள கணினி முதன்முறை இயங்கும்போது, ரேமைப் பழக்கப்படுத்தச் சில நிமிடங்கள் எடுக்கும். அந்த நேரத்தில் திரை கறுப்பாகவே இருக்கும். பயந்து அணைத்தால் மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். பத்து நிமிடம் பொறுத்தும் ஒன்றும் வராவிட்டால், மொனிட்டர் வயர் மதர்போர்டில் அல்லாமல் கிராபிக்ஸ் கார்டில் செருகப்பட்டுள்ளதா, புரொசசருக்கான 8 பின் மின்வயர் பூட்டப்பட்டுள்ளதா, ரேமின் இரு முனையும் சொடுக்கென்ற சத்தத்துடன் அமர்ந்துள்ளனவா என்று இந்த வரிசையில் பாருங்கள். பிறகு ரேமில் ஒரு துண்டை மட்டும் விட்டு முயலுங்கள். அதுவும் பயனளிக்காவிட்டால் கார்டைக் கழற்றிவிட்டு, மொனிட்டரை மதர்போர்டில் செருகி இயக்குங்கள். 7600 வாங்கியிருந்தால், கோளாறு கார்டிலா மற்றவற்றிலா என்பது எவரிடமும் இன்னொரு கார்டைக் கடன் கேட்காமலே தெரிந்துவிடும். படம் வந்தவுடன் விண்டோஸின் திரை அமைப்பில் 144 ஹேர்ட்ஸ் என்பதைத் தெரிவுசெய்யுங்கள். அது தானாக மாறாமல் 60 இலேயே இருப்பதுண்டு.